நீலக்கல் பார்த்த பச்சைத் தீ

கூட்டத்துக்கு எல்லோரும் கணினிப் பலகையோடு வந்திருந்தார்கள். மகிழரசி மட்டும் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய சாம்பல் கொண்டுவந்திருந்தாள்.

டப்பாவைத் திறந்து மேசையின் நடுவில் வைத்தாள். அதன் பக்கத்தில் மூன்று வில்லைகளை வரிசையாக அடுக்கினாள். மூன்றும் சின்ன அப்பளம் அளவு, மூன்றும் ஒரே மாதிரி தெளிவு. தூரத்திலிருந்து பார்த்தால் எது எதுவென்று படைத்தவனுக்கே தெரியாது.

"எடுத்துத் தேயுங்க பிரணவ்," என்றாள்.

பிரணவ், பரிசுத்தா நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர். நகரத்துக் குப்பையை எல்லாம் ஆலங்கழனிக்குக் கொண்டுபோய் எரிக்கிற நிறுவனத்துக்குப் பரிசுத்தா என்று பேர் வைத்தவன் நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவனாக இருக்க வேண்டும். பிரணவ் தன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, இரண்டு விரலால் சாம்பலை எடுத்து ஒவ்வொரு வில்லையாகத் தேய்த்தார். முதல் வில்லை சாதாரணக் கண்ணாடி. அதில் பூனை பிறாண்டிய மாதிரி கீறல் விழுந்தது. இரண்டாவது குவார்ட்ஸ். அதில் மெல்லிய கோடுகள். மூன்றாவதை எவ்வளவு அழுத்தித் தேய்த்தும், துடைத்தால் பழையபடி பளிச்சென்று இருந்தது.

"நீலக்கல்," என்றாள் மகிழரசி. "வைரத்தை வெச்சுத்தான் இதைக் கீறணும். ஆலங்கழனிக் குப்பையில வைரம் கொட்டற அளவுக்கு நம்ம ஊர் இன்னும் வளரல."

நீலக்கல் என்று பெயர்தானே ஒழிய, அதில் நீலத்தின் நிழல்கூடக் கிடையாது. உலையில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல். அரசின் ஒளிச் சோதனைக் கூடத்தில் எந்த இடத்துக்கு எந்த வில்லை என்று தேர்ந்தெடுப்பதுதான் மகிழரசியின் வேலை. கடலடிக் கருவிகளுக்கு, விண்கலங்களுக்கு, இப்போது குப்பை உலைக்கு.

"சூட்டுக்கு குவார்ட்ஸ்தான் அசையாது மேடம். நீலக்கல் சட்டுனு சூடேறினா விரிசல் விடும்," என்றார் பிரணவ். ஆள் விவரம் தெரிந்தவர். அதுதான் அவரிடம் ஆபத்து.

"உங்க உலை சூடேற ஒரு பகல் ஆகும். உங்க உலை உங்களுக்குத் தெரியாதா? குவார்ட்ஸ் சூட்டைத் தாங்கும், ஒத்துக்கறேன். ஆனா குப்பைச் சாம்பல்ல உப்பு இருக்கு. உப்பும் சூடும் சேர்ந்தா குவார்ட்ஸ் மேல வெள்ளை படரும். கண்ணுல புரை விழற மாதிரி. நாலு மாசத்துல குருடு."

"குருடானா மாத்திக்கலாமே."

"உலையை நிறுத்தினாத்தான் மாத்த முடியும். நிறுத்துவீங்களா?"

பிரணவ் சிரித்தார்.

சண்டை ஏன் ஒரு வில்லைக்காக என்று கேட்பவர்களுக்கு அந்தக் காலத்துச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். போலிக் காணொளிகள் ஊரை மூழ்கடித்த பிறகு நீதிமன்றங்கள் சலித்துப்போயின. எவன் பேசியதையும் எவன் வாயிலும் வைக்கலாம், நடக்காததை நடந்தது போலக் காட்டலாம் என்று ஆன பின், யாரை நம்புவது? கடைசியில் ஒரேயடியாக மனிதச் சாட்சியையே ஒழித்துவிட்டார்கள். இனிமேல் முத்திரையிட்ட சாட்சிக்கண் என்கிற படக்கருவி பார்த்ததுதான் சாட்சி. உலைக்கு உலை, பாலத்துக்குப் பாலம், மருத்துவமனைக்கு மருத்துவமனை ஒரு கண். உலையென்றால் சுவரில் துளையிட்டு, வில்லையால் மூடி, அதன் பின்னால் கண்ணைப் பொருத்துவார்கள். அது பார்த்தால் நடந்தது. அது பார்க்காவிட்டால், நீங்கள் நேரில் நின்று பார்த்திருந்தாலும் நடக்கவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை இது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

கூட்டம் முடிந்ததும் கூடத்தின் இயக்குநர் விஷ்வா அவளைத் தனியாக நிறுத்தினார். நல்ல மனிதர். ஓய்வு பெறும்வரை யாரோடும் சண்டை வராமல் இருந்தால் போதும் என்பது அவருடைய பிரார்த்தனை.

"நீலக்கல்லுக்கு ஒத்துக்கிட்டாங்க. சந்தோஷமா?"

"ஒரு கண்ணுதானே சார் விட்டிருக்காங்க. இன்னொரு துளை போட்டா என்ன?"

"எப்படிப் போடுவாங்க? ஒரு கண் பாத்தா விசாரணைதான். அது இழுத்துக்கிட்டே போகும். ரெண்டு படம், ரெண்டு வேற வழியா வந்து, ஒரே குத்தத்தைக் காட்டினா விசாரணையே கிடையாது. அன்னிக்கே உலைக்குப் பூட்டு. அதனாலதான் சுவர் பலவீனமாகும்னு சொல்லி ஒரே துளையோட நிறுத்திட்டாங்க. கிடைச்சதை வெச்சு ஓட்டும்மா."

கண்ணைப் பொருத்துகிற அன்று மகிழரசி ஆலங்கழனிக்குப் போனாள். கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, செம்மண் மேட்டில் இருக்கிற ஊர். மல்லாட்டை விளையும் பூமி. வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இலைமேல் எல்லாம் சாம்பல் படிந்து, வயல் முழுக்க யாரோ பழைய போர்வையைப் போர்த்திவிட்ட மாதிரி இருந்தது.

ஊராட்சித் தலைவி தன்ஷிகா உலை வாசலில் காத்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். அவள் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் தன்ஷிகா, ஹர்ஷிதா, ரித்திகா என்று ஒரே அச்சில் வார்த்த பெயர்கள். 'அந்தக் காலத்துப் பேரு' என்று இப்போதைய பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள்.

"இந்தக் கல்லு கெட்டுப் போவாதுங்களா இன்ஜினியரம்மா?"

"போகாதுக்கா. சாம்பல் தேய்க்காது, அமிலம் அரிக்காது."

"நாங்கல்லாம் செத்தப்புறமும் பாக்குமா?"

மகிழரசிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "நீங்க இருக்கும்போதே பாக்கும்," என்றாள்.

தன்ஷிகா உலையின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு கிஷோர் இங்கதான் குப்பை தள்ளுற வேலை பார்த்தாரு. பச்சையா எரியுதுடி, பச்சையா எரியுதுடின்னு வந்து சொல்லுவாரு. கரண்ட்டு வயரை உறையோட போட்டு எரிச்சா தீ பச்சையா வரும்மாமே? அந்தப் புகை வெசமாமே?"

"ஆமாக்கா. செம்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும்போது வர்ற நெறம். அதை எரிக்கக் கூடாதுன்னு தடையே இருக்கு."

"அவரு போயி தீர்ப்பாயத்துல சொன்னாரு. 'உங்க வார்த்தை பதிவாகாது'ன்னுட்டாங்கோ. இருமி இருமிச் சொன்னாரு. அதுவும் பதிவாகல. ஆளே பூட்டாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை, வியர்வைதான். "இப்போ உங்க கல்லு சொன்னா ஏத்துக்குவாங்கோ. இன்னா நாயமோ."

அன்று கண் திறந்தது.

நடுவில் சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. மஞ்சள் தீ, ஆரஞ்சுத் தீ என்று கண் ஒழுங்காகப் பார்த்துப் பதிவு செய்தது. பிறகு மழைக்காலத்தில் ஒரு நாள் பச்சைத் தீ எழுந்தது. கண் அதைப் பார்த்தது. பார்த்த உடனே, அதற்குள் இருந்த நிரல் அதை ஐயக்கண் என்று அறிவித்தது. பழுது இருக்கலாம் என்று சந்தேகம் வந்துவிட்ட கண், சட்டத்தின் முன் கண்ணே இல்லை.

படம் மகிழரசியின் மேசைக்கு வந்தது. பார்த்தாள். ஒவ்வொரு பச்சைக் கொழுந்துக்கும் பக்கத்தில் மயிரிழை தள்ளி இன்னொரு பச்சைக் கொழுந்து. எல்லாமே இரட்டை.

ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அச்சு," என்றாள் இயக்குநரிடம். "கல்லோட அச்சு சார். பலகைக்கு நார் ஓடற திசை இருக்கற மாதிரி நீலக்கல்லுக்கும் ஒரு திசை இருக்கு. அந்தத் திசையில ஒளி நேரா போனா ஒரு படம். சாய்ச்சு வெட்டின கல்லுன்னா உள்ள போற ஒளி ரெண்டா பிரிஞ்சிடும். மஞ்சள் தீக்கு விளிம்பு மங்கல், அதுல தெரியல. பச்சைத் தீ கம்பி கம்பியா எழும்பவும் குட்டு வெளிப்பட்டுடுச்சு."

"வாங்கும்போது அச்சை நேரா வெட்டணும்னு சொல்லலையா?"

அங்கேதான் அவள் தலை குனிந்தாள். சொல்லவில்லை. அந்தக் கூடத்துக்கு வருகிற கல் எல்லாமே அச்சு நேராக வெட்டியே வரும்; அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே அப்படி. சாம்பாருக்கு உப்பு போட வேண்டும் என்று யாராவது சமையல்காரரிடம் எழுதிக் கொடுப்பார்களா? கடினம் எழுதினாள், தெளிவு எழுதினாள், தடிமன் எழுதினாள். வந்த வில்லையைத் தேய்த்தாள், சுட்டாள், அமிலத்தில் ஊறவைத்தாள். உப்பை மட்டும் ருசி பார்க்கவில்லை. வில்லையைச் செய்து தரும் பொறுப்பு சட்டப்படி உலைக்காரர்களுடையது. அவர்கள் கைக்கடிகாரத்துக்குக் கல் வெட்டுகிறவனிடம் கொடுத்துவிட்டார்கள். கடிகாரத்துக்கு அச்சு எப்படி இருந்தால் என்ன? பிரணவ் தெரிந்தே செய்தாரா, தெரியாமல் நடந்ததா என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டால் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

விஷ்வா மென்மையாகத்தான் சொன்னார். "தீர்ப்பாயம் கூப்பிட்டிருக்கு. 'உலைக்கு நீலக்கல்லைத் தேர்ந்தெடுத்தது தவறு'ன்னு ஒரு வரி கொடுத்துடு. கண்ணை எடுத்துட்டுத் துளையை அடைச்சிடுவாங்க. அடுத்த தடவை உலைச் சுவரைப் புதுசா கட்டும்போது வேற கண் வெச்சுக்கலாம்."

"சுவர் எப்ப சார் புதுசா கட்டுவாங்க?"

"அது... அவங்க கட்டும்போது."

"அதுவரைக்கும்?"

அவர் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தேர்ந்தெடுத்தது தப்பில்ல சார். வெட்டினது தப்பு, அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. நான் அந்த வரியைக் கொடுத்தா இனிமே எந்த உலையிலயும் நீலக்கல் வராது. எல்லாத்துலயும் குவார்ட்ஸ்தான். நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஊர் ஊரா குருடாகும். கொடுக்க மாட்டேன்."

"அப்போ கூடம் உன் பின்னால வராது மகிழரசி. தனியாத்தான் போகணும்."

"தனியாவே போறேன்."

வாய்வீச்சு முடிந்து வெளியே வந்தாள். மரத்தடியில் சற்று உட்கார்ந்துவிட்டு ஆலங்கழனிக்குப் பேருந்து ஏறினாள்.

தன்ஷிகா களத்தில் மல்லாட்டைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். மகிழரசி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் தன்ஷிகாவின் வாயிலிருந்து 'இன்ஜினியரம்மா'வும் 'ங்க'வும் காணாமல் போயின.

"நீ ஒரு வார்த்தை சொல்ல மறந்துட்ட. அதுக்கு எங்க ஊரு வாயை அடைச்சிடுவாங்கோ. அதானே?"

"ஆமாக்கா."

"ஆமாக்காவாம் ஆமாக்கா! சோத்தைத்தான் திங்கறியா? ஒரு கண்ணு வந்துச்சேன்னு ஊரே நிம்மதியா மூச்சு வுட்டுச்சி. மூச்சுன்னு சொல்றேனே, அதுக்கும் இங்க வழியில்ல." கையிலிருந்த செடியை வீசி எறிந்தாள். காய்கள் மகிழரசியின் காலடியில் சிதறின. மகிழரசி நகரவில்லை. அந்தத் திட்டு அவளுக்கு வேண்டியிருந்தது. கூடத்தில் எல்லோரும் மரியாதையாகவே பேசியது அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சிதறிய காய்களைப் பொறுக்கிக்கொண்டே தன்ஷிகா கேட்டாள். "இப்போ எதுக்கு வந்த? மன்னிப்பு கேக்கவா?"

"இல்லக்கா. நாளைக்கழிச்சு தீர்ப்பாயத்துக்குப் போறேன். கண்ணை எடுக்க விடமாட்டேன். தோத்தாலும் தோப்பேன். அதை நீங்க நேர்ல பாக்கணும்னு கூப்பிட வந்தேன்."

தன்ஷிகா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நாங்க வந்தா பேச வுடமாட்டாங்கோ."

"தெரியும். வந்து உக்காருங்க."

"உக்காந்தா உக்காந்துட்டுப் போறோம். உக்காரத் தெரியாத மரமா நாங்க?" என்றாள் தன்ஷிகா. பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். கோபம் குறையாமலே கேட்டாள்.

தீர்ப்பாயத்தில் மனிதர்கள் பேசவே கூடாது என்றில்லை. விளக்குநர் என்று உரிமம் பெற்றவர்கள் கருவிகளைப் பற்றிப் பேசலாம். இயந்திரத்தைப் பற்றிப் பேச மனிதருக்கு அனுமதி உண்டு. தன்னைப் பற்றிப் பேசத்தான் இல்லை. மேசை நடுவில் ஒரு பதிவுப்பொறி. உரிமம் உள்ள குரல் கேட்டால் பச்சை விளக்கு எரியும், சொன்னது சத்தியமாகப் பதிவாகும், யாராலும் அழிக்க முடியாது. வேறு குரல் கேட்டால் தானே அணைந்துவிடும்.

ஆலங்கழனியிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் இருமினார்கள். ஒவ்வொரு இருமலுக்கும் பொறியின் விளக்கு கண்ணடித்தது.

தலைவர் இருக்கையில் இருந்த பெண்மணிக்குத் தூக்கம் போதாத முகம். "சுருக்கமா சொல்லுங்க," என்றார்.

மகிழரசி அதே வகையில் வெட்டிய இன்னொரு வில்லையைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு சிறிய பச்சை விளக்கை அதன் வழியாகப் பார்க்கச் சொன்னாள். தலைவருக்கு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. பிறகு ஒரு கறுப்பு வடிகட்டியை வில்லைக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பினாள்.

"அட, ஒண்ணு மறைஞ்சிடுச்சே!" என்றார் தலைவர். தூக்கம் கலைந்துவிட்டது.

"இன்னும் திருப்பறேன் பாருங்க. இப்போ அது வரும், இது மறையும். ரெண்டு ஒளியும் வேற வேற திசையில அதிருது, அதான். தீ வெளிச்சம் கூசாம இருக்க, சாட்சிக்கண் அந்த அதிர்வுத் திசையையும் சேர்த்தே பதிவு பண்ணும். யாரும் அதை எடுத்துப் பாக்கறதில்ல. நான் பாத்தேன். ரெண்டையும் பிரிச்சிருக்கேன்."

சுவரில் படம் விழுந்தது. இடது பக்கம் பச்சைத் தீ, சுத்தமாக. வலது பக்கம் பச்சைத் தீ, அதே சுத்தமாக.

"கண்ணுல பழுது இல்ல. இதுல எந்தப் பாதியை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. வயர் எரிஞ்சிருக்கு. விசாரணை வேணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

நிஜமாகவே அவள் அவ்வளவுதான் கேட்க வந்திருந்தாள். இழுபடுகிற விசாரணையானாலும், துளை அடைபடாமல் இருக்குமே என்ற ஆசை.

பிரணவ் எழுந்தார். சட்டை மடிப்பு கலையவில்லை. அந்த ஆள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் விசாரணையோடு போயிருக்கும், விசாரணையை எப்படித் தூங்க வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாததா? ஆனால் கெட்டிக்காரனுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தை முழுசாகக் காட்டாமல் உட்காரத் தெரியாது.

"மேடம் ரொம்ப எளிமையா சொல்லிட்டாங்க. ஒரு படம் ரெண்டு தடவை தெரியுதுங்கற மாதிரி. அது அப்படி இல்லை. கல்லுக்குள்ள நுழையும்போதே ஒளி ரெண்டாப் பிரிஞ்சிடுது. ஒண்ணு ஒரு வழியில போகுது, இன்னொண்ணு வேற வழியில போகுது. வேகமே வேற. வெளிய வர்றது ரெண்டு தனித்தனிப் படம். ஒண்ணோட நகல் இல்ல இன்னொண்ணு. கண்ணுன்னா ஒரு படம் தரணும். ரெண்டு வேற வழியில ரெண்டு படம் தர்றதை எப்படி ஒரு கண்ணுன்னு ஏத்துக்க முடியும்? அதை நீக்கணும்."

பொறியின் விளக்கு பச்சையாக, சீராக எரிந்துகொண்டிருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மழைக்காலத்துத் தவளை சும்மா இருந்தால் பாம்புக்கு எங்கே தெரியப்போகிறது? மகிழரசிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு எழுந்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"பிரணவ் சொன்னது அத்தனையும் சரி. ஒரு எழுத்துக்கூட நான் மறுக்கல."

அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது. கொஞ்ச நேரந்தான்.

"ரெண்டு படம். ரெண்டு வேற வழி. ஒண்ணோட நகல் இல்ல இன்னொண்ணு. ரெண்டும் ஒரே பச்சைத் தீயைக் காட்டுது. தலைவரம்மா, சட்டம் ரெண்டு துளை கேக்கல, ரெண்டு கல்லும் கேக்கல. ரெண்டு வேற வழியா வந்த ரெண்டு படம் ஒத்துப்போனா விசாரணையே வேண்டாம், உலைக்குப் பூட்டுன்னுதான் சொல்லுது. அந்த ரெண்டு வழி இருக்குன்னு நிறுவனமே இப்போ சத்தியம் பண்ணிடுச்சு."

பின்வரிசையில் யாரோ "அடி சக்கை!" என்றார்கள். விளக்கு அணைந்து மீண்டும் எரிந்தது.

தலைவர் வடிகட்டியைக் கையில் எடுத்துத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று.

"பிரணவ், தீர்மானமா சொல்லுங்க. ரெண்டும் ஒரே படமா? அப்படின்னா கண்ணுல பழுதில்ல, அது இருந்த இடத்துலயே இருக்கும். இல்ல, வேற வேற படமா?"

"அது வந்து... எனக்குக் கொஞ்சம் அவகாசம்..."

"முதல்ல சொன்னது பதிவாயிடுச்சே. அழிக்க முடியாது. மனுஷங்க பேச்சு மாத்திப் பேசுவாங்கன்னுதானே இந்தப் பொறியை உங்க மாதிரி நிறுவனங்கள் கேட்டு வாங்கினது?"

பிரணவ் உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் உலை அணைய வேண்டும் என்று தலைவர் ஆணையிட்டார். பின்வரிசையில் கைத்தட்டலும் இருமலும் ஒன்றாகக் கலந்து எழுந்தன. மகிழரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்டுப் பிழை, தன் பிழை, அதையே பிடித்துக்கொண்டு கரை ஏறிவிட்டோம் என்று உடம்பெல்லாம் ஒரு குதியாட்டம்.

தலைவர் மீதியைப் படித்தார். "குற்றம் கண் பார்த்த நாளிலிருந்து கணக்கில் கொள்ளப்படும். கண் திறந்த நாளுக்கு முந்தைய நிகழ்வுகளுக்குச் சாட்சி இல்லை. அவை நடந்ததாகக் கொள்ளப்படாது. தீர்ப்பாயம் கலைகிறது."

கைத்தட்டல் நின்றது. மகிழரசி திரும்பிப் பார்த்தாள். தன்ஷிகா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எம்பேரு தன்ஷிகா. ஆலங்கழனி."

விளக்கு அணைந்தது.

"அம்மா, உக்காருங்க," என்று ஊழியர் ஓடி வந்தார். "நீங்க பேசறது பதிவாகாது. விளக்கு அணைஞ்சிடுச்சு பாருங்க."

"ஆவாட்டி போவுது. நான் இன்னா மிஷினுக்கா சொல்றேன்? தீர்ப்பு சொன்ன அந்தம்மாவுக்குச் சொல்றேன். கல்லு எரிஞ்சதைத்தான் பாத்துச்சி. எரிஞ்சதை மூக்குல வாங்கினவரை அது பாக்கல. அது வர்றதுக்கு முன்னாடியே அவரு பூட்டாரு. அவரு செத்தது நடக்கவே இல்லைன்னு நீங்க சொல்றீங்கோ. நான் பக்கத்துல படுத்திருந்தேன். ராவெல்லாம் முதுகைத் தேச்சிவுட்டது இந்தக் கை."

ஊழியர் அவள் தோளைத் தொடப் போனார். மகிழரசி இடையில் போய் நின்றாள். கழுத்தில் தொங்கிய விளக்குநர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதைக் கழற்றிவிட்டால் அவள் குரலும் பொறிக்குக் கேட்காது.

"அவங்க மேல கை வெக்காதீங்க," என்றாள். "நீலக்கல்லைத் தேர்ந்தெடுத்தவ நான். எதைப் பாக்கும், எதைப் பாக்காதுன்னு எனக்குத் தெரியும். இதை அது பாக்காது. எவ்வளவு நல்ல கல்லா இருந்தாலும் பாக்காது."

தன்ஷிகாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்தாள். பிறகு வரிசையாக எல்லோரும். யாரும் கத்தவில்லை. தங்கள் முறைக்காக நிற்பது போல நின்றார்கள்.

பிரணவ் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வாசலை அடைத்துக்கொண்டு ஆலங்கழனி நின்றதால் அவரும் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

தலைவர் பாதி எழுந்தவர், அப்படியே கொஞ்ச நேரம் யோசித்தார். தீர்ப்பாயம் கலைந்துவிட்டது; போனால் யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"பேரு என்ன சொன்னீங்க, உங்க வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டார்.

"கிஷோர்."

"சொல்லுங்க."

தன்ஷிகா முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள். குறித்துக்கொள்ள வேண்டிய இயந்திரம் அணைந்துகிடந்ததால் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.